செம்பைக் கொடுக்காத கோயில்பிள்ளை

முன்னொரு காலத்துல, இந்த ஓடைக்குறிச்சிக் கோயிலுக்குப் பனையோலைக் கூரைதானாம். இருபத்திரெண்டு வீடு வேதக்காரங்க, அதான் கிறிஸ்தவங்க. பூசை வைக்கச் சாமி, அதான் குருவானவரு, வர்றது மூணு மாசத்துக்கு ஒருக்க. வந்தா கல்யாணம், ஞானஸ்நானம், செத்தவங்களுக்கு மந்திரிப்பு எல்லாத்தையும் ஒரே நாள்ல முடிச்சிட்டு மாட்டுவண்டியில ஏறிடுவாராம். உம் கொட்டுறவங்க கொட்டுங்க. கொட்டாட்டியும் நான் சொல்லத்தான் போறேன்.

அந்தக் கோயிலுக்கு ஒரு கோயில்பிள்ளை. பேரு இஞ்ஞாசி. மணி அடிக்கணும், விளக்கு ஏத்தணும், கோயிலைக் கூட்டணும். ஞானஸ்நானத்தன்னைக்குத் தண்ணிச் செம்பைப் பிடிச்சிக்கிட்டுச் சாமி பக்கத்துல நிக்கணும். இதுதான் அவரு வேலை. எழுத்து தெரியாது. செபமெல்லாம் காதால கேட்டுக் கேட்டே மனப்பாடம்.

அவரு பெஞ்சாதி பேரு ஞானப்பூ. கல்யாணமாகிப் பதினோரு வருசம், பிள்ளை இல்லை. மூணு தடவை உண்டாச்சாம், மூணும் தங்கல. ஊர்க்காரங்க வாய் சும்மா இருக்குமா?

"ஏ இஞ்ஞாசி, ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் நீ செம்பு பிடிக்கிற. உன் பிள்ளைக்கு யாருப்பா பிடிப்பா?"

"அன்னைக்கும் நான்தான் பிடிப்பேன். ஒரு கையில பிள்ளை, ஒரு கையில செம்பு."

அப்பிடிச் சொல்லிட்டுச் சிரிப்பாராம்.

அப்ப உபதேசியாரா இருந்தவரு சந்தியாகு. சாமி இல்லாத நாள்ல செபம் நடத்துறது, மந்திரம் சொல்லிக் குடுக்கிறது எல்லாம் அவருதான். வேற யாருமில்ல, எங்க தாத்தாவோட அப்பா. அதனால இந்தக் கதையில நான் யாரையும் தூக்கியும் சொல்லல, இறக்கியும் சொல்லல. எங்க வீட்டுல கேட்டதைத்தான் சொல்றேன்.

அந்தச் சந்தியாகு உபதேசியாரு ஒரு தடவை ஒரு பச்சப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்தாராம். பிள்ளைக்கு இழுப்பு, பிழைக்காதுன்னு சொல்லிட்டாங்க. ஓடிப்போய்த் தலையில தண்ணி ஊத்தினாரு. ஆனா பிள்ளை பிழைச்சிருச்சு. நல்ல விசயம்தானே? மூணு மாசம் கழிச்சுச் சாமி வந்தாரு. வெள்ளைக்காரச் சாமி, புத்தகத்துல இருக்கிற மாதிரிதான் தமிழ் பேசுவாரு. அந்தப் பிள்ளை கோயில் வாசல்ல ஆத்தா மடியில கொழுகொழுன்னு கெடந்து காலை உதைச்சுக்கிட்டிருக்கு.

"சந்தியாகு, இந்தக் குழந்தைக்கா சாவான ஆபத்து? யார் உமக்கு அதிகாரம் கொடுத்தது? இன்னொரு முறை இப்படிச் செய்தால் உபதேசியார் வேலையை மறந்துவிடும்!"

சபை முன்னாடி வச்சு ஏசினாராம். பிள்ளை பிழைச்சதுக்கு ஏச்சு. அன்னையிலிருந்து உபதேசியாரு அதைப்பத்தி யாருகிட்டயும் பேசுறதில்ல. ஆபத்துன்னா யாரு வேணாலும் தண்ணி ஊத்தலாம்னு மந்திரப் புத்தகத்துல ஒரு பக்கம் இருக்குதாம். சொல்லிக் குடுக்கும்போது அந்தப் பக்கத்தைத் தள்ளிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருவாராம்.

நடந்தது இம்புட்டுத்தான். ஒருத்தர் ஏசினாரு, ஒருத்தர் பயந்தாரு. மத்ததெல்லாம் இஞ்ஞாசி தலையில வந்து விழுந்துச்சு.

ஒரு கார்த்திகை மாசம். அடைமழை. ஞானப்பூவுக்கு எட்டாம் மாசத்துலயே வலி வந்து, விடிஞ்சதும் ஆம்பளப் பிள்ளை பிறந்துச்சு. ரெண்டு கை அகலம் இருக்குமாம், அவ்வளவுதான். மருத்துவச்சி வேற சாமி கும்பிடுற ஆளு. பிள்ளையைத் துடைச்சுக் குடுத்திட்டு, "உச்சிப்பொழுது தாண்டுறது கஷ்டம்யா. உங்க வழக்கம் என்னவோ அதைச் சீக்கிரம் பாரு" அப்பிடின்னாளாம்.

இஞ்ஞாசி உபதேசியார் வீட்டுக்கு ஓடினாரு.

"ஐயா, பிள்ளை நிக்காதுங்கிறாங்க. நீங்க வந்து தண்ணி ஊத்துங்கய்யா."

உபதேசியாரு கதவைப் பிடிச்சுக்கிட்டே நின்னாராம். "அது சாமி செய்யிற காரியம் இஞ்ஞாசி. தூக்கிக்கிட்டுச் சாமி இருக்கிற பங்குக்குப் போ. வெரசாப் போனா உச்சிக்கு முன்ன போயிரலாம்."

"ஒன்பது மைலுங்கய்யா. மழை வேற."

"மாதா துணை இருப்பா. போ."

அந்தக் காலத்துல என்ன சொல்லி வச்சிருந்தாங்கன்னா, ஞானஸ்நானம் இல்லாமச் செத்த பிள்ளைக்கு மோட்சமும் இல்ல, நரகமும் இல்ல. நடுவுல ஒரு இடமாம். அங்க அழுகையும் கிடையாது, அம்மாவும் கிடையாது. மந்திரிச்ச கல்லறை மண்ணுல குழியும் கிடையாது. இஞ்ஞாசிக்கு அதுதான் பயம். பிள்ளை செத்துரும்கிறதை அவரு விடியும்போதே ஏத்துக்கிட்டாரு. பேரில்லாமப் போயிரக் கூடாது, அது ஒண்ணுதான்.

ஞானப்பூ படுத்த படுக்கையில இருந்தே பிள்ளையைக் குடுத்தாளாம். "என்ன பேரு நெனச்சிருக்கீக?"

"சாமி வாயால வந்தப்புறம் வந்து சொல்றேன்."

பிள்ளையை நெஞ்சோட கட்டிக்கிட்டாரு. தலைக்கு மேல கோணிச்சாக்கை மடிச்சுக் கொங்காணி போட்டுக்கிட்டாரு. நடந்தாரு. முதல் கண்மாய் வந்துச்சு. வெள்ளம் வழியிற கலுங்குல தண்ணி முழங்கால் அளவு. பிள்ளை தலையில தண்ணி படாமத் தாண்டினாரு. நடந்தாரு. ரெண்டாவது கண்மாய் வந்துச்சு. தண்ணி இடுப்பளவு. ரெண்டு கையாலயும் பிள்ளையைத் தூக்கிப் பிடிச்சு, தலையில ஒரு பொட்டுத் தண்ணி படாமத் தாண்டினாரு. நடந்தாரு.

அங்கிட்டுக் கரையில ஆடு மேய்க்கிற அம்மா ஒருத்தி ஒண்டி நின்னாளாம். "இந்த மழையில பச்ச மண்ணைத் தூக்கிக்கிட்டு எங்கய்யா போற? வாய் காஞ்சு கெடக்கு பாரு. நாக்குல ரெண்டு சொட்டுத் தண்ணி விடு." கொங்காணியில வழிஞ்ச மழைத்தண்ணியை விரல்ல தொட்டுப் பிள்ளை உதட்டுல வச்சாரு. பிள்ளை சப்புச்சாம். அவருக்குச் சந்தோசம். "சப்புது தாயி, சப்புது!"

"தங்கிரும்யா. போ, போ."

மூணாவது கண்மாய் வந்துச்சு. மழை இன்னும் கனத்துச்சு. கொங்காணியை இழுத்து முழுக்கப் பிள்ளை மேல போட்டுட்டு, அவரு நனைஞ்சாரு. ஊரெல்லாம் தண்ணி. வானமெல்லாம் தண்ணி. ஒன்பது மைலும் அந்தப் பிள்ளை தலையை நனையவிடாமக் கொண்டுபோய்ச் சேத்தாரு இஞ்ஞாசி.

பங்குவீட்டு வாசல்ல சாமி நின்னாரு. கொங்காணியை விலக்கிப் பாத்தாரு. தொட்டுப் பாத்தாரு. மூக்குக்கிட்ட விரலை வச்சுப் பாத்தாரு.

"எப்போது பிறந்தது?"

"விடியக்காலைல சாமி. வெரசா ஊத்துங்க சாமி."

"உயிர் இல்லையே மகனே."

"தூங்குதுங்க சாமி. வழியில சப்புச்சுங்க."

"குளிர்ந்துவிட்டது. உயிர் இல்லாத உடலுக்கு ஞானஸ்நானம் இல்லை." பிறகு ஒரு வார்த்தை கேட்டாரு. கேட்டிருக்க வேண்டாம். "நீயே ஏன் ஊற்றவில்லை?"

"நானா?"

"ஆபத்தில் யாரும் ஊற்றலாமே. நீ ஊற்றலாம், தாய் ஊற்றலாம், அந்த மருத்துவச்சியும் ஊற்றலாம். பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பேராலே என்று சொல்லி எந்தத் தண்ணீரை ஊற்றினாலும் போதுமே. சந்தியாகு உனக்குச் சொல்லவில்லையா?"

இஞ்ஞாசி தாடியில இருந்து தண்ணி சொட்டிக்கிட்டிருந்துச்சாம். அவரு அதைக் கையால துடைச்சு, உள்ளங்கையைப் பாத்துக்கிட்டே நின்னாராம். சாமி கண்ணுலயும் தண்ணி வந்துச்சாம். வந்து என்ன?

"கல்லறையில ஒரு ஓரமா வச்சுக்கலாமா சாமி?"

"மந்திரித்த மண்ணில் வைக்கச் சட்டம் இல்லை மகனே."

மூணு கண்மாயையும் திரும்பத் தாண்டினாரு. கல்லறை வேலிக்கு வெளிய, வண்டிப்பாதை ஓரத்துல குழி தோண்டினாரு. மணி அடிக்கல. அடிக்கவேண்டிய ஆளு அவருதானே. ஞானப்பூ கேட்டாளாம், "பேரைச் சொல்லுங்க." "பேரு வைக்கலையே" அப்பிடின்னாராம். என்ன பேரு நெனச்சிருந்தாருன்னு கடைசிவரைக்கும் அவளுக்குக்கூடச் சொல்லல.

மறுநாள் உபதேசியாரு குடையைப் பிடிச்சுக்கிட்டு அவரு வீட்டுக்கு வந்தாரு. இஞ்ஞாசி கேட்டாராம்:

"உங்களுக்குத் தெரியுமா?"

உபதேசியாரு குடையை மடக்கினாரு.

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"பெறகு?"

"சாமி ஏசுவாரு."

அவ்வளவுதான். அடிக்கலை, வையலை. "போயிட்டு வாங்க" அப்பிடின்னாராம்.

என்ன, உம் கொட்டாம முழிக்கிற?

"இல்ல சித்தப்பா, உங்க தாத்தாவோட அப்பாவையே இப்பிடிச் சொல்றீங்களே."

வேற எப்பிடிச் சொல்ல? அவரும் பிள்ளைகுட்டிக்காரர்தான். வேலை போனா எட்டு வாய்க்கு என்ன போடுவாரு? அதுவும் நெசம். அந்தப் பிள்ளை வேலிக்கு வெளிய கெடந்ததும் நெசம். கேளு.

தை மாசம் சாமி வந்தாரு. வியாகுலம்னு ஒருத்தன் பிள்ளைக்கு ஞானஸ்நானம். கோயில் நிறைஞ்ச கூட்டம். ஞானத்தகப்பன், ஞானத்தாய் எல்லாம் நிக்கிறாங்க. எண்ணெய் பூசியாச்சு. சாமி செம்புக்குக் கையை நீட்டினாரு. இஞ்ஞாசி குடுக்கல. செம்பை நெஞ்சோட அணைச்சுக்கிட்டாரு.

"இஞ்ஞாசி, செம்பு."

"சாமி, பங்குவீட்டு வாசல்ல எனக்கு ஒண்ணு சொன்னீக. அதை இங்க சொல்லுங்க."

"பூசை முடியட்டும். பிறகு சொல்கிறேன்."

"பெறகுன்னு ஒண்ணு எனக்கு இருந்துச்சா சாமி?"

கோயிலே கசமுசான்னு ஆயிருச்சு. வியாகுலம் பெஞ்சாதி கெஞ்சுறா, "அண்ணே, குடுங்கண்ணே, பிள்ளை அழுவுது." இஞ்ஞாசி திரும்பாமலே சொன்னாராம்: "அழுவட்டும் தங்கச்சி. அழுதா உசுரு இருக்குன்னு அர்த்தம்."

செம்பை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு இஞ்ஞாசி கேட்டாராம்:

"யாரு யாரு ஊத்தலாம் சாமி?"

"குருவானவர்."

"அவரு இல்லைன்னா?"

"உபதேசியார்."

"அவரு மாட்டேன்னா?"

கோயிலே திரும்பி உபதேசியாரைப் பாத்துச்சாம். அவரு தரையைப் பாத்தாராம்.

"தகப்பன்."

"தகப்பன் இல்லைன்னா?"

"தாய்."

"வேதத்துல சேராத மருத்துவச்சி?"

"அவளும் ஊற்றலாம்."

"ஆடு மேய்க்கிற அம்மா?"

"யாரும் ஊற்றலாம்."

"என்ன தண்ணி சாமி?"

"எந்தத் தண்ணீரும்."

"மழைத்தண்ணி?"

சாமி கண்ணை மூடிக்கிட்டாராம். "மழைத்தண்ணீரும் ஆகும்."

"எல்லாரும் கேட்டீகளா?" அப்பிடின்னு சபையைப் பாத்தாரு. தண்ணி ஊத்தும்போது சொல்ற 'பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பேராலே'ங்கிறதைப் பொம்பளைகளைச் சொல்லச் சொன்னாரு, ஆம்பளைகளைச் சொல்லச் சொன்னாரு, பிள்ளைகளைச் சொல்லச் சொன்னாரு. சொன்னாங்க. அப்புறம் செம்பைச் சாமி கையில குடுத்தாரு. கோயில் சாவியை உபதேசியார் காலடியில வச்சாரு. வெளிய போனாரு.

போனவரு போனவருதான். பூசை பாக்கல, நன்மை அப்பம் வாங்கல, பெரிய வெள்ளிக்குக்கூட வாசல் மிதிக்கல. ஆனா ஊர்ல ஞானஸ்நானம்னா அன்னைக்கு மட்டும் வருவாராம். பிள்ளையோட தகப்பன் கையில செம்பைக் குடுப்பாரு. "கேளு" அப்பிடிம்பாரு. அவன் கேப்பான், சாமி சொல்லுவாரு, சபை சொல்லும். முடிஞ்சதும் போயிருவாரு. இருபத்தேழு வருசம் அப்பிடி. சாமிமாரு மாறினாங்க, உபதேசியாரு மாறினாரு, வந்தது எங்க தாத்தா. அவரு காலத்துக்குப் பெறகும் கேள்வி மாறல. அதுக்கப்புறம் இந்த ஊர்ல ஆபத்துல தண்ணி ஊத்தின பிள்ளைக நிறைய. அதுல செத்ததெல்லாம் பேரோட கல்லறைக்கு உள்ள கெடக்கு. இஞ்ஞாசி பிள்ளை கெடந்த வண்டிப்பாதையில தார் ரோடு போட்டாச்சு. இன்ன இடம்னு காட்டக்கூட இப்ப ஆள் இல்ல.

நாலு வருசத்துக்கு முன்ன ஒரு இளவட்டச் சாமி வந்தாரு. நல்ல மனுசர். பிரசங்கத்துல சொன்னாரு: "இனி இந்தக் கேள்வி பதிலெல்லாம் வேண்டாம். பயத்துல வந்த வழக்கம் இது. அந்த மாதிரி நடு இடம்னு ஒண்ணு கிடையவே கிடையாது. கடவுள் குழந்தைகளை அப்படி விடமாட்டார்."

எனக்கு இருப்புக் கொள்ளல. எந்திரிச்சேன். "அப்ப இஞ்ஞாசி பிள்ளை சாமி?"

"அதுவும் கடவுள்கிட்டதான் இருக்கு."

"அப்ப மண்ணு ஏன் குடுக்கல?"

பாவம், அவரா மறுத்தாரு? நானும் உக்காந்துட்டேன். அதை யாரு போய் இஞ்ஞாசிகிட்டச் சொல்றது?

அன்னைக்கு ஞானஸ்நானம் வாங்கின பிள்ளையோட தகப்பன் திருப்பூர்ல வேலை பாக்கிற பையன். ஊர் வழக்கமெல்லாம் அவனுக்கு அரைகுறைதான். சாமி கையை நீட்டினாரு. அவன் செம்பைக் குடுக்கல. நெஞ்சோட அணைச்சுக்கிட்டான்.

"யாரு யாரு ஊத்தலாம் சாமி?"

சாமி எங்க எல்லாரையும் ஒரு தடவை பாத்தாரு. அப்புறம் ஆரம்பிச்சாரு.

"குருவானவர்."