மூணடுக்கு கேக்கும் முரட்டு வண்டியும்

— திரும்பிடலாம்னா கேக்கறியா நீ? கீழ நாலு கார் வரிசையா நிக்குது. ஒருத்தனாவது ஏறினானா?

— அதெல்லாம் கார், அத்தை. இது அப்படியில்ல. நீங்க மடியில இருக்கற பெட்டியை மட்டும் நேராப் பிடிச்சுக்குங்க.

— பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். பெத்த பிள்ளையைக்கூட நான் இப்படித் தாங்கினதில்ல.

— அது மேலடுக்கு. கல்யாண கேக்குல முதல்ல கண்ணுல படறது அதுதான். கீழ ரெண்டு அடுக்கும் பின்னாடி பத்திரமா இருக்கு.

— பத்திரமாம் பத்திரம்! மழையில மலைப்பாதை பாதி கரைஞ்சு கிடக்கு. மாமியாரையும் கேக்கையும் ஒரே நாள்ல உருட்டி விட்ட மருமகள்னு உனக்குப் பேர் வரப் போகுது.

— போன் அடிக்குது பாருங்க. பொண்ணோட அப்பாவாத்தான் இருக்கும். ஒரு விரலால அந்தப் பச்சையை அமுக்குங்க, பேசறது ரெண்டு பேருக்கும் கேக்கும்.

— அம்மா, அம்மா, கேக்குதா? வராதீங்கம்மா, வராதீங்க. ஓடைத் திருப்பத்துல தண்ணி பாதையை அறுத்துட்டுப் போயிடுச்சாம். பூக்காரர் திரும்பிட்டார், பாட்டுக்காரங்க திரும்பிட்டாங்க. கேக் இல்லாம எப்படியோ சமாளிச்சுக்கறோம்.

— சார், ஓடைத் திருப்பத்துக்கு இன்னும் ரெண்டு வளைவுதான். பாத்துட்டுச் சொல்றேன். நீங்க மேசையில துணி விரிச்சுத் தயாரா வெச்சிருங்க.

— அட கிரகமே! கேக் வாங்கற மனுஷனே வேண்டாங்கறார். நீ மேசைக்குத் துணி விரிக்கச் சொல்றே!

— பாவம் அத்தை, அந்தப் பொண்ணு. தானே படம் வரைஞ்சு எடுத்துட்டு வந்து, ‘எனக்கு இது ஒண்ணு மட்டும் நான் நினைச்ச மாதிரி அமையணும்’னு சொன்னா. இப்போ பாதி வழியில திரும்பினா நாளைக்கு என்னை நம்பி யார் கேக் சொல்லுவா?

— அது மட்டுமா? இந்த ஆர்டர் தவறினா வண்டியை வித்துடறேன்னு சாப்பிடறப்போ உன் வாயாலதானே சொன்னே? என் பிள்ளை அப்பவே விளம்பரம் எழுத உக்காந்துட்டான்.

— எழுதட்டும். உங்க பிள்ளைக்கு வண்டின்னா, அது இருக்கறதே தெரியக் கூடாது.

— அவன் சொல்றதுல என்ன தப்பு? யானையைக் கட்டினா தீனி போட வேண்டாமா? நீ இதை ஓட்டிட்டு வந்த அன்னைக்கு, விமானம்தான் தெருவுல இறங்குதுன்னு எதிர் வீட்டுக்காரங்க மாடிக்கு ஓடினாங்க. டயரா அது? அரைக்கிற இயந்திரம்! ஒரு தடவை உக்காந்தேன், இடுப்பு கழண்டு கையில வந்துச்சு.

— பழைய சொந்தக்காரர் பாறை மேல ஏறி விளையாடறதுக்காகத் தயார் பண்ண வண்டி, அத்தை. காய்கறி வாங்கப் போறதுக்கு இல்ல.

— அப்புறம் அதை ஏன் வாங்கித் தொலைச்சே? சின்னக் கார் நல்லாத்தானே ஓடிக்கிட்டு இருந்துச்சு?

— நல்லா ஓடிச்சு. கேக்கு நல்லா வந்துச்சா? அந்தப் பள்ளிக்கூட விழாவுக்குக் கொண்டுபோனது ஞாபகம் இருக்கா? ஒரே பள்ளம்தான். கோபுரம் மாதிரி இருந்தது களி மாதிரி ஆயிடுச்சு. பிள்ளைங்க பாத்துக்கிட்டு நிக்குதுங்க, நான் கரண்டியால வழிச்சுக்கிட்டு நிக்கறேன்.

— அன்னைக்கு நீ அழுதது எனக்குத் தெரியும். ஆனா அதுக்காக, எலிக்குப் பயந்து வீட்டுக்குள்ள புலியை வளக்கறதா?

— புலியை அப்படியேவா விட்டேன்? ஒவ்வொண்ணா மாத்தினேனே.

— மாத்தினே, மாத்தினே. மெக்கானிக் ஷெட்டே கதின்னு கிடந்தே.

— அவர் என்ன சொன்னார் தெரியுமா? ‘எல்லாரும் சாதுவான வண்டியைக் கொண்டுவந்து முரடாக்குங்கறாங்க. நீங்க ஒருத்தர்தான் முரட்டு வண்டியைக் கொண்டுவந்து சாதுவாக்கச் சொல்றீங்க’ன்னார். ஸ்பிரிங்கை மாத்தச் சொல்லிட்டு, பாத்திரம் நிறையத் தண்ணி ஊத்திப் பின்னாடி வெச்சு ஓட்டிப் பாப்பேன். தளும்பினா திரும்ப அவர் முன்னாடி போய் நிப்பேன்.

— என் பாத்திரம் அது. சொல்லாம எடுத்துட்டுப் போய் நசுக்கிக் கொண்டுவந்தே.

— கடைசியில ஒரு சொட்டு சிந்தலையே! டயரும் இப்போ ரோட்டுக்குப் பாதி, சேத்துக்குப் பாதி. பின் சீட்டை மடக்கிட்டு ரப்பர் விரிச்சு கேக்குக்கு இடம் பண்ணினேன். ஏறி இறங்க மடக்குப் படி வெச்சேன். அந்தப் படி யாருக்காகன்னு நினைச்சீங்க?

— எனக்காகன்னு சொல்லாதே. நான் கேக்கலை. இன்னைக்கும், உன் உதவிக்கு வர்ற பொண்ணு காய்ச்சல்னு படுத்துட்டா, பெட்டியைப் பிடிக்க ஆள் இல்லைன்னு கெஞ்சினே. போனாப் போகுதுன்னு வந்தேன்.

— வந்ததுக்கு நன்றி. இதுதான் ஓடைத் திருப்பம். இருங்க, இறங்கிப் பாத்துட்டு வரேன்.

— பாதை எங்கடி இங்க? வெறும் செம்மண் கூழ்! ஏய், டயர்கிட்ட உக்காந்து என்ன பண்றே? புஸ்ஸுன்னு சத்தம் வருது!

— காத்தைக் கொஞ்சம் குறைக்கறேன். டயர் அகலமா உக்காந்து சேத்தைப் பிடிக்கும். திரும்ப ரோட்டுக்கு வந்ததும் பம்பு வெச்சு நிரப்பிக்கலாம்.

— சரி, சரி, நனையாதே, ஏறு. தண்ணி எவ்வளவு?

— முழங்காலுக்குக் கீழதான். அடியில கல்லு கெட்டியா இருக்கு. அந்தக் கரை ஏறறதுதான் வழவழன்னு இருக்கு. இந்தச் சின்னக் கம்பியை இழுத்தா நாலு சக்கரமும் சேந்து மெதுவா இழுக்கும். மத்ததையெல்லாம் மாத்தினேன், இதை மட்டும் யாரையும் தொட விடலை. தயாரா?

— ம். வலது பக்கம் ஒட்டிப் போ. இடது பக்கம் மண்ணு உள்வாங்கியிருக்கு.

— போறேன். தண்ணி தாண்டியாச்சு. இப்போ ஏத்தம்.

— சக்கரம் சுத்துதடி! சுத்துது, வண்டி நகரலை!

— தெரியுது. பின்பக்கம் வழுக்குது. ஐயோ, ஓரத்துக்கு இழுக்குது…

— மிதிச்சு மிதிச்சு விடாதே! ஒரே சீராக் குடு. ஸ்டியரிங்கை லேசா இப்படியும் அப்படியும் அசை. பதறாதே!

— பிடிக்குது. அத்தை, பிடிக்குது!

— விடாதே. விடாதே. ஏறு என் ராசா, ஏறு!

— ஏறிட்டோம்!

— ஏறிட்டோமடி! சிங்கம்! சிங்கமேதான்! வண்டியைச் சொன்னேன். உன்னை இல்ல.

— என்னைத் திட்டினாலும் பரவாயில்ல இன்னைக்கு. பெட்டியைத் திறந்து பாருங்களேன். எனக்குப் பாக்க தைரியம் இல்ல.

— இரு… அடேயப்பா. சர்க்கரைப் பூ ஒண்ணுகூட அசையலை. எல்லாம் அப்படியே சிரிச்சுக்கிட்டு இருக்கு. ஏய், ரோட்டைப் பாரு! கண்ணைத் துடைச்சுட்டு ஓட்டு!

— அதோ வீடு. பொண்ணோட அப்பா வாசல்லயே நிக்கறார்.

— வந்துட்டீங்களா! வந்துட்டீங்களா! எப்படிம்மா வந்தீங்க? பறந்தா வந்தீங்க?

— நாலு சக்கரத்துலதான் வந்தோம், சார். ஒரு கை குடுங்க, கீழடுக்கு கனம். மெதுவா… ரெண்டும் அலுங்காம வந்திருக்கு, பாருங்க. ஓரம்கூட மழுங்கலை.

— கேக் வந்துடுச்சு. கேக் வந்துடுச்சு. ஆனா…

— என்ன தம்பி, கேக்கைப் பாத்து யாராவது அழுவாங்களா?

— மாப்பிள்ளை வரலையேக்கா! இப்பதான் போன் வந்துச்சு. அவரும் அவங்க அம்மாவும் அடிவாரத்துல நிக்கறாங்க. டிரைவர் ஏற மாட்டேன்னுட்டான். நடந்தே வரேன்னு மாப்பிள்ளை கிளம்பறார், அந்த அம்மா விட மாட்டேங்கறாங்க. பொண்ணுக்கு இன்னும் சொல்லலைக்கா, சொல்லலை.

— கிரகமே! அப்போ உங்க பொண்ணு கேக்கையா கட்டிக்குவா?

— அம்மா, நீங்க ஒரே ஒரு தடவை கீழ போய்…

— போயிடுவேன், சார். ஆனா இந்த மூணையும் ஒண்ணு மேல ஒண்ணு நிறுத்தி, கிரீம் பூசி முடிச்சாகணும். இப்போ விட்டா இளகிச் சரிஞ்சிடும். அதை வேற யார்கிட்டயும் விட முடியாது. இங்க வந்திருக்கறவங்கள்ல இந்த மாதிரி பெரிய வண்டி ஓட்டறவங்க யாராவது இருக்காங்களா?

— எல்லாரும் தார் ரோட்டை விட்டு இறங்காதவங்கம்மா. அந்த ஓடையைப் பாத்தாலே ஓடிடுவாங்க.

— சாவியைக் குடு.

— யார்கிட்ட, அத்தை?

— என்கிட்டதான். மாப்பிள்ளையையும் அவன் அம்மாவையும் நான் ஏத்திட்டு வரேன். நீ போய் கேக்கை அடுக்கு.

— அத்தை, விளையாடற நேரமா இது?

— எங்கப்பா மர வியாபாரி. கல்யாணத்துக்கு முன்னாடி மரம் இறக்கற காட்டுப் பாதையில அவர் ஜீப்பை நான்தான் ஓட்டினேன். புகுந்த வீட்டுல யாரும் கேக்கலை, நானும் சொல்லலை. லைசென்ஸை மட்டும் விடாமப் புதுப்பிச்சுக்கிட்டு வரேன். பையில இருக்கு, பாக்கறியா?

— நிஜமாவா? ஆனா அத்தை, அது அந்தக் காலத்து ஜீப். பழகாத வண்டியை எடுத்துக்கிட்டு அந்தச் சேத்துல எப்படி…

— பழகாத வண்டியா? கிளட்ச் பாதிக்கு மேல வந்தாத்தான் பிடிக்கும். ரெண்டாவது கியர் முரண்டு பண்ணும், லேசா ஒரு தட்டு தட்டித்தான் போடணும். வேகம் எடுத்தா இடது கண்ணாடி கிடுகிடுன்னு ஆடும். வேற என்ன தெரியணும் உனக்கு?

— அத்தை… இதெல்லாம் ஓட்டினவங்களுக்கு மட்டும்தானே தெரியும்?

— பின்ன? நீ மத்தியானம் கதவைச் சாத்திக்கிட்டு ஓவன் முன்னாடி நிக்கற நேரமெல்லாம், இந்த வண்டி வாசல்லயேதான் நின்னுக்கிட்டு இருந்துச்சுன்னா நினைச்சே?