கடுகளவு வட்டமும் கலையாத குழப்பமும்

கண்ணுக்கெட்டா மரபணுவோடு மல்லுக்கட்டி, கருவி சொன்னதே கதியென்று கைகட்டி நில்லாத பெருமாட்டியே! பீளமேட்டு ஆய்வகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் மெழுகில் பதிந்த சதைத் துணுக்கோடு மன்றாடிய ராமாமணி அம்மையீர், வணக்கம்!

பணி ஓய்வு பெறுபவரின் தெளிந்த அறிவைப் போற்றுவதே பிரிவு மடலின் வழக்கம். நாங்களோ தங்கள் குழப்பத்தைப் போற்ற வந்திருக்கிறோம்!

சென்ற ஆடியில் சோமனூர்த் தறிக்கார அம்மாள் ஒருவருக்கு நுரையீரலில் புற்று, எலும்புக்கும் பரவியிருந்தது. "எங்கம்மாவுக்குப் பீடி நாத்தமே ஆகாதுங்க. அப்புறம் எப்படீங்க இது வந்துது?" என்று மகள் கேட்க, எங்கள் தலைவர் முனைவர் மோகனப்பிரியா தமக்குத் தெரிந்ததைச் சொன்னார். ஒரு மரபணு மாறினால், சுவிட்சு ஒட்டிக்கொண்ட மோட்டார் போல, 'வளர், வளர்' என்ற கட்டளை செல்லுக்குள் ஓயாது. பெருகியவை பிடி நழுவி இரத்தத்தில் ஏறி இடம் மாறும். அது ஏன் மாறியது? இன்றும் குழப்பம்தான். ஆனால் மாற்றம் இருந்தால் அதற்கு மாத்திரை உண்டு. அந்த அம்மாளின் சதைத் துணுக்கைச் சோதித்த கருவியோ 'மாற்றம் இல்லை' என்றது. மோகனப்பிரியா கையெழுத்திடப் பேனாவைத் திறந்தார்.

தாங்கள் எதிரே வந்து நின்றீர்கள்.

"ஏனுங்க மேடம், எனக்கு ஒரே கொழப்பமா இருக்குதுங்க."

"மிஷினே தெளிவாச் சொல்லிப்போடுச்சு. உங்களுக்கென்னக்கா கொழப்பம்?"

"டாக்டர் கண்ணாடிச் சில்லுல புத்துன்னு மையில போட்ட வட்டம் கடுகத்தனைதானுங்க. டிஎன்ஏ மட்டும் எப்படிங்க இத்தன வந்துது?"

மோகனப்பிரியாவுக்கு முதலில் கோபம், பிறகு குழப்பம், பிறகு வியர்வை. வட்டத்துக்குள் மட்டும் சுரண்ட வேண்டிய கண்ணாடிச் சில்லின் சதையை அவசரத்தில் முழுதாகச் சுரண்டியிருந்தார்! நல்ல செல்களின் கூட்டத்தில் கெட்டது மறைந்துவிட்டது. அதே துணுக்கின் வேறொரு சில்லில் வட்டத்துக்குள் கடுகளவே சுரண்டினார், மாற்றம் தெரிந்தது. நோய் தீர்ந்ததென்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. ஆனால் மாத்திரை தொடங்கிய அந்த அம்மாள் போன வாரம் தாமே படியேறி வந்தார்.

இதை எழுதலாமா, சபையில் மானம் போகுமே என்று மடல் எழுத அமர்ந்த மோகனப்பிரியா மூன்று நாள் குழம்பினார். கடைசியில் தங்களையே கேட்டார்.

"எழுதிப்போடுங்க மேடம். நாளைக்கு வாரவங்களுக்கு ஆகும்," என்றீர்கள்.

ஆகவே பொறுத்தருள்க, அம்மையீர்! நோயற்ற நெடுவாழ்வும் நிறைந்த நல்லுறக்கமும் தங்களுக்கு. சட்டமிட்ட இம்மடலை மட்டும் தர மாட்டோம். சுரண்டும் மேசைக்கு மேலே மாட்டப் போகிறோம்.

தங்கள் பிரிவால் குழம்பி நிற்கும்
ஆய்வகத்தார்

முதல் கையொப்பம்: மோகனப்பிரியா