கடைசியாக வந்த பாளையக்காரர்

அந்த நாற்காலி வேண்டாம் தம்பி, ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள், இங்கேதான் காற்று வரும். அவர் உள்ளறையில் படுத்திருக்கிறார். கதவு திறந்தே இருக்கட்டும். அவர் காதில் விழக்கூடாதது எதையும் நான் சொல்லப்போவதில்லை.

இரண்டாவது புத்தகத்தில் அந்தப் பக்கங்கள் எப்படி வந்தன என்று கேட்கிறீர்கள். பேராசிரியர் நல்லகாமன் வேண்டுமென்றே திரித்துவிட்டார் என்று கல்லூரியில் பேச்சாம். அது அபாண்டம். என் வீட்டுக்காரருக்குத் திரிக்கத் தெரியாது. அவருக்குப் பிரெஞ்சே தெரியாது.

எமர்ஜென்சி வந்த வருஷம் அவருக்குக் கண் மங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். அவருக்கோ தன் ஊரான கொட்டாம்பட்டிப் பக்கத்துப் பாளையக்காரர் சரித்திரத்தை எழுதாமல் சாகக்கூடாது என்ற வைராக்கியம். அந்தப் பாளையக்காரர் காலத்தில் இங்கே இருந்த ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இரண்டு பாகமாக எழுதி வைத்துவிட்டுப் போனதுதான் ஒரே ஆதாரம். இங்கிலீஷில் அது வந்ததே இல்லை. புதுச்சேரியில் ஒருவர் மொழிபெயர்த்துத் தருவதாகச் சொன்னார். ஆனால் அட்டையில் தன் பெயரும் வர வேண்டும் என்றார்.

"என் புத்தகத்துல எவன் பேரோ எதுக்கு? நீதான் பி.ஏ. படிச்சவளாச்சே. கத்துக்க" என்றார் இவர்.

கற்றுக்கொண்டேன். ஒத்தக்கடையிலிருந்து பஸ் பிடித்து டவுனுக்குப் போய், கன்னியர் மடத்தில் ஒரு சிஸ்டரிடம் படித்தேன். முதலில் குழந்தைகள் பாடம், பிறகு பத்திரிகை, அதன் பிறகு பாதிரியார். பழைய அச்சில் 'எஸ்' எழுத்து 'எஃப்' மாதிரி இருக்கும், உங்களுக்குத் தெரியும். ஒரு வாக்கியம் அரைப் பக்கம் ஓடும். இங்கிலீஷில் அதை வெட்டினால் பாதிரியாரின் மூச்சு போய்விடும், வெட்டாவிட்டால் படிக்கிறவர் மூச்சு போய்விடும். ஒரு சொல் பிடிபடாமல் வாரக்கணக்கில் அதையே மனசில் உருட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அது பிடிபட்ட நாளில் குழம்புக்கு உப்புப் போட மறந்து திட்டு வாங்கியிருக்கிறேன். அந்த நாட்களைப் போல நான் வேறெப்போதும் சந்தோஷமாக இருந்ததில்லை.

முதல் பாகத்தில் ஒரு சொல்கூட நான் பிசகவில்லை. அதை வைத்து அவர் எழுதிய புத்தகத்தின் முன்னுரையில் நூலகருக்கு நன்றி இருந்தது, டைப் அடித்த பையனுக்கு நன்றி இருந்தது. வெளியீட்டு விழாவில் ஒருவர், "பிரெஞ்சை யார் சார் மொழிபெயர்த்தது?" என்று கேட்டார்.

"நான்தான். வீட்டுல இவ எழுத்துக்கூட்டிச் சத்தமா வாசிப்பா. அர்த்தத்தை நான் பிடிச்சுக்கிருவேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கையில் காபித் தட்டோடு நானும் சிரித்தேன்.

அதற்காகக் கோபப்பட்டேன் என்று நினைக்காதீர்கள். அவருக்கு என்ன வேண்டும் என்பது அன்று எனக்குப் புரிந்தது, அவ்வளவுதான்.

இரண்டாம் பாகத்தில்தான் அவருடைய முன்னோர் என்று அவர் நம்பிய பாளையக்காரர் வருகிறார். அழகர்மலை அடிவாரக் கோட்டையை ஒரு பட்டாளம் முற்றுகை போட்டிருந்தபோது, சண்டையெல்லாம் முடிந்த பிறகு கடைசியாக அந்த ஆள் வந்தார். உள்ளே பட்டினி கிடந்த சனங்களுக்கென்று வைத்திருந்த தானியத்தை வெளியே இருந்த பட்டாளத்துக்கு விற்றார். பாதிரியார் எழுதியது இவ்வளவுதான். உள்ளபடியே வாசித்துச் சொன்னேன்.

"சரியாப் பாருடி. எங்காளு அப்படிச் செஞ்சிருக்க மாட்டான். உனக்குத்தான் அர்த்தம் தெரியல" என்றார். மறுநாளும் அதையே சொன்னார். அதற்கடுத்த நாளும்.

'டெர்னியே' என்றால் கடைசி. கடைசியாக வந்தார் என்றிருந்ததைக் கோட்டையை விட்டுக் கடைசியாகப் போனார் என்று மாற்றி வாசித்தேன். தானியத்தை விற்றார் என்பதைக் கொடுத்தார் என்றாக்கினேன்.

 அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பார்த்தியா, நான் சொன்னேன்ல" என்றார்.

அப்புறம் நிறுத்துவதற்குக் காரணம் இல்லை. பாதிரியார் எழுதாத ஓர் அத்தியாயத்தையே நான் எழுதினேன். பாதிரியாருடைய நீண்ட வாக்கியங்கள், நடுவில் வரும் சின்னக் கிண்டல், கடவுளை அழைக்கும் விதம் எல்லாம் அதில் இருக்கும். அதை நீங்கள்கூட இரண்டு தடவை படித்த பிறகுதானே சந்தேகப்பட்டீர்கள்?

புத்தகம் அச்சுக்குப் போகுமுன், பதிப்பகத்தார் சரிபார்க்கக் கொடுத்த பிரதியோடு இந்த வாசலில் வந்து நின்றீர்கள், ஞாபகமிருக்கும். "அக்கா, சாரைப் பாக்கணும். மூலத்துல இல்லாதது கொஞ்சம் வந்திருக்கு. இப்பவே திருத்திக்கிட்டா நல்லது" என்றீர்கள். சார் தூங்குகிறார் என்றேன். விழித்துத்தான் இருந்தார். யார் வந்தது என்று கேட்டார். "அப்துல் அலீம்னு ஒரு வாத்தியார். உங்க கையெழுத்துப் பிரதியைப் படிச்சுட்டு மெச்சிட்டுப் போறாரு" என்றேன். அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

புத்தகம் வந்த பிறகு நடந்த கருத்தரங்கில் நீங்கள் மரியாதையாகத்தான் கேட்டீர்கள். மூலப் புத்தகத்தை மேடையில் வைத்து, இந்த வரி இதில் எங்கே இருக்கிறது என்றீர்கள். அவர் அசரவில்லை. "சீனி, இங்க வா. வாசிச்சுக் காட்டு" என்றார். அந்த மேடைக்கு என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

பிரெஞ்சில் வாசித்தேன். பிறகு இங்கிலீஷில், ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். கடைசியாக வந்தார். விற்றார்.  என் உச்சரிப்பு நன்றாக இருந்தது என்று பிற்பாடு நீங்கள்கூடச் சொன்னீர்கள். அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு நான் சொல்லும் எதையும் அவர் நம்புவதில்லை. பேப்பரில் மழைச் செய்தி வாசித்தால், தெருப்பக்கம் கையை நீட்டிப் பார்ப்பார். போன மாதம் கொல்லைப்புறத்தில், "படி இருக்கு, பார்த்து" என்றேன். இருக்காது என்று காலை வைத்தார். இடுப்பெலும்பு முறிந்தது. இருக்கிறதைத்தான் சொன்னேன் தம்பி.

வருத்தமா என்று கேட்கிறீர்கள். இல்லை. மறுபடி அந்த அத்தியாயத்தைக் கொடுத்தால், ஒரு இடத்தில் மட்டும் கால்புள்ளியை மாற்றுவேன்.

கருத்தரங்கு முடிந்து வரும்போது ஆட்டோவிலேயே எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன். எந்த வரியை மாற்றினேன், எதை நானே எழுதினேன், எல்லாம். பொறுமையாகக் கேட்டார். பிறகு சிரித்தார்.

"நீயா? உனக்கு அம்புட்டு அறிவு ஏதுடி? அட்டையில பேரு கேட்டான்ல, அந்தப் புதுச்சேரிக்காரன் மேடையில இருந்த புத்தகத்தை மாத்தி வச்சிருக்கான்" என்றார். இன்றுவரை அதையேதான் சொல்கிறார்.

அதனால்தான் உங்களை வரச் சொன்னேன். உள்ளே போங்கள். ஆம்பளை சொன்னால் நம்புவார். செய்தது சீனியம்மாள்தான் என்று அவர் வாயால் ஒரு தடவை சொல்லிவிடட்டும். அதுவரை அவர் உயிருக்கு ஒன்றும் வராமல் நான் பார்த்துக்கொள்வேன். மருந்து, கஞ்சி, எதிலும் குறை வைப்பதில்லை.