எடை மெஷின் மேல விழுந்த பழி

மூணு நாளும்மா! முழுசா மூணு நாள்! பிரசவத்துக்குக்கூட யாரும் அவ்வளவு நேரம் எடுத்துக்கறதில்ல… சட்டைய கழட்டிட்டுக் குழந்தைய படுக்க வை. கைய எடும்மா, நீ புடிச்சிட்டே இருந்தா முள்ளு எங்க நிக்கும்?

கம்ப்யூட்டர்ல கணக்கு வெக்கறதுக்குப் பயிற்சியாம். தாய் சேய் ஆஸ்பத்திரி நர்சுங்க நாப்பது பேர உக்கார வெச்சு, கண்ணாடி போட்ட ஒருத்தர் கோடு கோடா படம் காட்டறாரு. "இந்தக் கோடு ஏன் கீழ இறங்குது?"ன்னு என்னைக் கேக்கறாரு. "நீங்கதான சார் போட்டீங்க, நீங்களே சொல்லுங்க"ன்னேன். ஒரு சிரிப்பு வரணுமே மனுஷனுக்கு! இருபது வருஷமா குழந்தைய தூக்கின கையாலயே எடை சொல்றவ நான். எனக்கு மவுஸ எப்படிப் புடிக்கறதுன்னு பாடம்!

எல்லாம் எதனால? போன மாசம் இங்கேர்ந்து போன ரிப்போர்ட்ல பாதி குழந்தைங்க இளைச்சுப் போச்சாம், மீதி பாதி ஊதிப் போச்சாம். பொறந்து நாலு நாள் ஆனது ஒண்ணு பதினோரு கிலோவாம்! அது படுத்திருக்காது, நடந்தே வீட்டுக்குப் போயிருக்கும். மேலிடத்துல எங்கள பயிற்சிக்குத் துரத்திட்டாங்க. பெரிய டாக்டரம்மா என்னடான்னா, "மெஷின்தான் கெட்டிருக்கும், சாயங்காலம் குப்பைல போடு, புதுசுல எல்லாரையும் திரும்ப நிறு"ன்னுட்டாங்க. புதுச நான் இன்னும் பிரிக்கவே இல்ல. இது என்னம்மா பாவம் பண்ணுச்சு? ஒரு கிராம் பொய் சொல்லியிருக்குமா?

…என்ன கேட்ட? அப்ப யாரு பண்ண தப்புன்னா?

அது… பேரெல்லாம் அகர வரிசைல இருந்தா தேட சுலபமா இருக்குமேன்னு, ஒருத்தி நல்ல மனசோட பேர மட்டும் வரிசைப்படுத்தினா. பேரு எல்லாம் இடம் மாறிடுச்சு. எடை எல்லாம் இருந்த இடத்துலயே உக்காந்துக்கிச்சு! கம்ப்யூட்டர் கேக்கத்தான் செஞ்சுது, பக்கத்துக் கட்டத்தையும் சேத்துக்கவான்னு. என் வேலைல நீ ஏன் மூக்க நுழைக்கறேன்னு வேண்டாம்னு அமுக்கிட்டேன்.

ஆமாம்மா. நான்தான்.

அந்தக் கண்ணாடிக்காரர் மூணாம் நாள், "இப்படிக்கூட யாராவது பண்ணுவாங்களா?"ன்னு இதே தப்ப எல்லாருக்கும் காட்டினாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நான்தான் எல்லாரையும் விட சத்தமா சிரிச்சேன்.

இந்தா பாரு, ஏழு கிலோ நானூறு. உன் புள்ளைக்கு என்ன, குண்டுக்கல்லு மாதிரி இருக்கான். அட, ஏன் அழற? …பயிற்சிக்குப் போறதுக்கு முதநாள், ரெண்டு கிலோ கொறஞ்சிடுச்சுன்னு நான்தான் போன் பண்ணேனா? …அன்னிலேர்ந்து தூங்கலையா? …பால்ல சத்து இல்லன்னு மாமியார் சொன்னாங்களா! அடக் கடவுளே… அத உன் மூஞ்சிக்கு நேரவா சொன்னாங்க?

என்ன, போன நீட்டற? யாரு? …அவங்களா? அய்யோ, நான் எப்படிம்மா… சரி. சரி, குடு.

ஹலோ… ஆஸ்பத்திரி நர்ஸ் பேசறேங்க. உங்க மருமக பால்ல ஒரு குறையும் இல்ல. குறையெல்லாம் என் தலைக்குள்ளதான்… தப்பா எழுதினது நான். ஆமாங்க, நானேதான்… திட்டுங்க, நல்லா திட்டுங்க, கேட்டுக்கறேன்.

ஏம்மா, இத ஸ்பீக்கர்ல போட்டுக் கொஞ்சம் சத்தமா வையேன். நான் போன் பண்ணி வரவழைச்சவங்க இன்னும் அறுபது பேர் வெளிய அழுதுட்டு நிக்கறாங்க.