மீன் குஞ்சின் வாலும் முதல் பெயரும்

பல வருடங்களுக்கு முன், மீன் கருவில் ஒரு மரபணு செய்யும் வேலையை என் மாணவி கண்டுபிடித்தாள். அதை ஓர் ஆய்விதழில் என் பெயரில் மட்டும் வெளியிட்டேன். போன வருடம் திருப்பதியிலிருந்து சத்தியவேடு போகும் பஸ்ஸில், முன் இருக்கையில் இரண்டு ஆராய்ச்சி மாணவிகள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வால வெட்னது நானு, பேரு எங்க சாருக்கா, அக்கா?"

"எந்த வாலுடீ?"

"ஜீப்ரா மீன் குஞ்சு வாலு. கண்ணாடி மாதிரி உள்ள எல்லாம் தெரியும். காயம் பட்டா வெள்ளையணுங்க அங்க ஓடிக்கினு வரும். நான் ஒரு ஜீன எடுத்துட்டேன், ஒண்ணுகூட நகரல. மூணு மாசம் மைக்ராஸ்கோப்புல கண்ண வெச்சிக்கினு கெடந்தேன். சார் எட்டிக்கூட பாக்கல."

"கேட்டியா?"

"கேட்டேனே. 'கட்டுரை கடைசில உனக்கு நன்றி போட்டுக்கிறேன், சந்தோஷமாம்மா'ன்றாரு."

"அந்த நன்றிய நீ அவருக்குப் போடு, பேர அவரு உனக்குப் போடட்டும்!"

நானும் அன்று நன்றிதான் போட்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அந்த ஆய்விதழுக்கு உண்மையை எழுதினேன். திருத்தம் வெளியிட்டார்கள்: முதலில் என் மாணவியின் பெயர், அடுத்து என் பெயர். இப்போது சூளூர்பேட்டையில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் அவளுக்கு அதை அனுப்பிவைத்தேன். ஒரே வரியில் பதில் வந்தது.

"சார், உங்கள் பெயர் ஏன் இன்னும் அதில் இருக்கிறது?"