எதிர்வீட்டு மச்சான்

திருப்பதி பஸ்ஸில் புத்தூரில் ஏறிய விவசாயி ஒருவர், எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மாணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். "என் பொண்டாட்டி ஒடம்புல இப்ப தெலுங்கு ரத்தம் ஓடுது தம்பி. எல்லாம் உன் புண்ணியம்!"

எந்த ஊர் மதராஸுக்கு, எந்த ஊர் ஆந்திராவுக்கு என்று எல்லைத் தகராறு சூடாக இருந்த காலம். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

மாணவர் மானிடவியல் படிப்பவராம். பாடத்துக்காக விவசாயியின் ஊரில் எல்லார் விரலிலும் குத்தி, ரத்த வகை பார்த்துச் சொன்னாராம்.

"பிரசவத்துல ரத்தம் நெறைய பூடுச்சி. கண்ண மூடிக்கினு கெடந்தா. அவளுக்கும் எதுத்த வூட்டு தெலுங்குக்காரனுக்கும் ஒரே குரூப்புன்னு நீ சொன்னது ஞாபகம் வந்துச்சி. எல்லைத் தகராறுல நாங்க மொகம் குடுத்து பேசறதில்ல. ஆனா கேட்டதும் சித்தூர் ஆஸ்பத்திரிக்கு ஓடியாந்து ரத்தம் குடுத்தான்."

"இப்ப எப்படி இருக்காங்க?"

"நல்லா கீறா. எங்க சொந்தக்காரங்கள எல்லாம் வட்டம், முக்கோணம்னு படம் போட்டுக்கினியே, அதுல அவனையும் சேத்துக்கோ."

"அவர் உங்களுக்குச் சொந்தமில்லையே?"

"அவ அவன அண்ணான்றா. அப்ப எனக்கு மச்சான்தானே?"

"அப்போ எல்லைச் சண்டைய விட்டுட்டீங்களா?"

"ஏன் வுடணும்? மச்சான்கிட்ட சண்ட போடாம வேற யாருகிட்ட போடறது?"