தலகணியில் ஒரு குடை

— இதென்ன? கண்ணைத் திறந்து பார் சறோ! இதென்ன படம் எண்டு கேக்கிறன்!

— தலகணி உறை, ஐயா. கொடியிலை காயப்போட்டதை ஏன் இழுத்துக்கொண்டு வந்தனீங்கள்? இன்னும் ஈரம் காயேல்லை.

— உறை எண்டு எனக்கும் தெரியும். உறையிலை இருக்கிறது என்ன? வாயாலை சொல்லு.

— குடை.

— ஆற்றை குடை?

— தோய்ச்ச தண்ணியிலை நீலம் கூடிப்போச்சு, ஐயா. துணியைவிட நூல் கூடக் குடிச்சிட்டுது. இல்லாட்டி வெள்ளைத் துணியிலை வெள்ளை நூல், ஒருத்தற்றை கண்ணிலையும் பட்டிராது.

— அதைத்தானே நானும் சொல்லுறன்! கண்ணிலை படக்கூடாதெண்டுதானே தைச்சனீ! அப்புத்துரையின்ரை எலெக்சன் குடையைக் கொண்டந்து என்ரை தலைக்குக் கீழை வைச்சிருக்கிறாய். தாயில்லாப் பிள்ளை எண்டு தலையிலை தூக்கி வளத்த தேப்பன்ரை தலைக்குக் கீழை!

— அம்பலவாணரண்ணை! என்ன சத்தம் உது? கரம்பொன் முழுக்கக் கேக்குது.

— வாரும், ஞானசவுந்தரி. வேலிக்கு மேலாலை எட்டி எட்டிக் கழுத்து நோகப்போகுது. உள்ளுக்கு வந்து கிட்ட நிண்டு கேளும்.

— எனக்கென்ன அண்ணை, நான் முருங்கையிலை புடுங்க வந்த இடத்திலை காதிலை விழுந்தது. எங்கை காட்டும் பாப்பம்... ஐயோ, குடை! பிடியும் கம்பியும் அப்பிடியே இருக்கு. நல்ல வடிவான தையல், பிள்ளை. துணியும் நல்ல துணி. எனக்கும் இதிலை ரெண்டு யார் அளந்து வாங்கவேணும் எண்டு நினைச்சனான்.

— துணியை விடும்! கிராமசபை எலெக்சனிலை நான் எத்தினை வோட்டாலை தோத்தனான்? சொல்லும்.

— ஒரு வோட்டு. அப்புத்துரையற்றை குடைக்கு நூத்தியெண்பத்தேழு, உங்கடை கதிரைக்கு நூத்தியெண்பத்தாறு. இருவது நாளுக்குள்ளை ஆர் மறக்கிறது? என்ரை கிளியும் மறக்கேல்லை. நீங்கள் லவுட்ஸ்பீக்கர் பூட்டி, "ஓட்டைக் குடை, ஓட்டைக் குடை, ஓட்டைக் குடைக்குப் போடாதையுங்கோ" எண்டு நாப்பது நாள் கத்தினியள். அது இப்பவும் விடியக் காலமை "ஓட்டைக் குடை" எண்டுதான் கண் முழிக்குது.

— கிளிக்கதை ஒருத்தரும் கேக்கேல்லை. ஒரு வோட்டு, விளங்குதோ? அந்த ஒரு வோட்டு எங்கை போனதெண்டு இருவது நாளாய் யோசிச்சுக்கொண்டு கிடந்தன். இண்டைக்குக் கொடியிலை தொங்குது!

— ஐயா, நான் ஒண்டு கேக்கிறன். ஒரு துணியிலை தைச்ச படம் வோட்டுப் போடுமோ?

— என்னட்டைக் கேக்கிறியோ? நீதானே பேப்பர் வாசிச்சுக் காட்டினனீ! அமெரிக்காவிலை படக்கொட்டகைக்குள்ளை படம் ஓடேக்கை, கண்ணுக்குத் தெரியாத வேகத்திலை எழுத்தை மின்னவிட்டவங்களாம். சோடா குடி, சோடா குடி எண்டு. சனம் ஏனெண்டு தெரியாமல் எழும்பிப் போய்ச் சோடா குடிச்சதாம். வாசிச்சனியோ, இல்லையோ?

— வாசிச்சனான்.

— கண்ணுக்குத் தெரியாத எழுத்தைச் சனம் எப்பிடி அண்ணை வாசிச்சது?

— வாசிக்கத் தேவையில்லை! அதுதான் அதின்ரை சூட்சுமம். கண்ணுக்குத் தெரியாது, மூளைக்குத் தெரியும்.

— அப்ப உது சூனியம். உதுக்கேன் அமெரிக்கா? இஞ்சை ஒரு தேசிக்காயோடை முடிக்கிற வேலை. நானும் யாழ்ப்பாணத்திலை படம் பாக்கப் போய் இடைவேளைக்குச் சோடா குடிச்சனான். எனக்கு ஆர் எழுதி மின்னவிட்டது? தொண்டை காஞ்சது, குடிச்சன்.

— மாமி சொல்லுறதுதான் ஐயா விசயம். தாகமிருக்கிறவனுக்குத்தான் சோடா. தாகமில்லாதவனுக்கு முன்னாலை கடலையே மின்னவிட்டாலும் அவன் வாய் வைக்கமாட்டான்.

— எனக்குப் படிப்பிக்காதை! எலெக்சனுக்கு முந்தின வெள்ளிக்கிழமை என்ரை தலகணிக்குப் புது உறை போட்டனீயோ, இல்லையோ? கஞ்சி மணந்தது. எனக்கு வடிவாய் ஞாபகம் இருக்கு.

— போட்டனான், ஆனால்—

— ஆனால் எண்டொண்டு இல்லை! போட்டனீ. அவ்வளவும் காணும். குடைக்கு மேலை கன்னத்தை வைச்சுப் படுத்திருக்கிறன். ஒரு கிழமை! பாம்புப் புத்துக்கு மேலை படுத்தவன் மாதிரி!

— நீங்கள் சொல்லி முடிச்சிட்டியள் எண்டா நான் கதைக்கலாமோ?

— கதை. என்ன கதை இருக்கு உன்னட்டை?

— அந்த உறை எனக்குத் தைச்சது. என்ரை கலியாணத்துக்கு. வாமதேவன் வீட்டுக்குக் கொண்டுபோக. எலெக்சனிலை வெண்ட வீடு, ஒரு பகிடியாய் இருக்கட்டும் எண்டு குடை போட்டன். கலர் நூலிலை போட்டா நீங்கள் அடுப்பிலை வைப்பியள் எண்டு வெள்ளையிலை போட்டன். வேறை ஒரு சூட்சுமமும் இல்லை.

— பகிடி! தேப்பன் தெருவிலை தலை காட்ட ஏலாமல் கிடக்கிறான், மேளுக்குப் பகிடி!

— ஆர் உங்களை எலெக்சன் கேக்கச் சொன்னது? என்னைக் கட்டப்போறவற்றை தேப்பனோடை போட்டி போடச் சொல்லி ஆர் கேட்டது? நாள் பாத்து, சாதகம் பாத்து, எல்லாம் ஒப்பேறி இருக்கேக்கை, கோயில் கூட்டத்திலை அவர் ஒரு சொல்லுச் சொன்னாரெண்டு—

— "நீர் இரும் காணும், நான் கேக்கிறன்" எண்டவன்! அத்தினை சனத்துக்கு முன்னாலை! என்னை இருக்கச் சொல்ல அவன் ஆர்?

— அதுக்குத்தான் கதிரைச் சின்னம் எடுத்தியளோ அண்ணை? கோவியாதையுங்கோ, சந்தியிலை சனம் அப்பிடித்தான் கதைச்சுச் சிரிச்சது. நான் கேட்டதைத்தான் சொல்லுறன்.

— ஞானம், உம்மடை முருங்கையிலை வாடப்போகுது.

— போகத்தானே நிக்கிறன். எண்டாலும் பிள்ளையின்ரை கலியாணத்தை—

— கலியாணம் இல்லை! இண்டைக்கே ஆள் அனுப்புறன். என்ரை வீட்டுக்குள்ளையே ஆள் வைச்சு என்னைத் தோக்கடிச்ச குடும்பத்துக்கு நான் பொம்பிளை குடுக்கமாட்டன். ஊரைக் கூட்டி இந்த உறையையும் காட்டித்தான் சொல்லுவன்.

— உங்கடை வீம்புக்கு நான்தானோ அகப்பட்டது ஐயா? மூண்டு மாசமாய் இந்த வீட்டிலை எனக்கு ஒரு நல்ல சொல்லு இல்லை. அவர் வெண்டாலும் என்னோடை கோவம், நீங்கள் தோத்தாலும் என்னோடை கோவம். குடைக்கு நூத்தியெண்பத்தேழு பேர் போட்டவை. அத்தினை பேரும் என்ரை தலகணியிலையோ படுத்து எழும்பிப் போனவை?

— எல்லாரும் படுக்கத் தேவையில்லை. ஒராள் படுத்தாக் காணும், அது போதும்.

— என்ன சொல்லுறியள்?

— ஞானசவுந்தரி! நீர் வெளிக்கிடும். இது தேப்பனும் மேளும் கதைக்கிற கதை.

— அது சரி, அண்ணை. எனக்கென்ன. இந்தா போறன். படலையைச் சாத்தீட்டே போறன்.

— ஐயா, என்ன சொன்னனீங்கள்? ஒராள் காணும் எண்டால்?

— இரு. அவள் போகட்டும்... சறோ, இந்த வீட்டிலை எத்தினை வோட்டு?

— ரெண்டு. நான் உங்களுக்குத்தான் போட்டனான். அம்மாளாச்சி ஆணை.

— தெரியும். உன்னிலை எனக்குச் சந்தேகம் இல்லை.

— அப்ப?

— பள்ளிக்கூடத்துக்குள்ளை சீலையாலை மறைச்சுக் கட்டியிருந்தவங்கள். நான் உள்ளுக்குப் போனனான். கடுதாசியை விரிச்சன். மேலை கதிரை, கீழை குடை. பென்சிலை எடுத்தன். ஒரு கண் வெட்டிற நேரம், விளங்குதோ? புள்ளடி போட்டுட்டுக் குனிஞ்சு பாக்கிறன்... குடைக்கு நேரை கிடக்கு.

— ஐயா!

— கத்தாதை. என்ரை கைதான் போட்டது. என்ரை கதிரைக்கு நேரை கிடக்கவேண்டிய புள்ளடி. வேறை கடுதாசி தாருங்கோ எண்டு கேக்க எனக்கு நா எழும்பேல்லை. வெளியிலை என்ரை ஆக்கள் மாலையோடை நிக்கிறாங்கள். மடிச்சுப் பெட்டிக்குள்ளை போட்டுட்டுச் சிரிச்சுக்கொண்டு வந்தன். அதைச் சரியாய்ப் போட்டிருந்தா நான் நூத்தியெண்பத்தேழு, அவன் நூத்தியெண்பத்தாறு!

— ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ?

— ஆருக்குச் சொல்ல? "அம்பலவாணர் தனக்கே போடேல்லை" எண்டு சந்தியிலை சிரிக்கவோ? இருவது நாளாய் நித்திரை இல்லை. இந்தக் கையைப் பாத்துக்கொண்டு கிடப்பன். இது ஆற்றை கை? எனக்கு விசரோ? உள்ளுக்குள்ளை நானே நான் தோக்கவேணும் எண்டு நினைச்சனோ? அந்த யோசினை வந்தால் எழும்பிக் கிணத்தடிக்குப் போயிடுவன். ரெண்டு தரம் போயிருக்கிறன். கிணத்துக்குள்ளை எட்டிப் பாத்துக்கொண்டு நிண்டனான், சறோ.

— ஐயா...

— இண்டைக்குக் கொடியிலை இதைக் கண்டன். கண்டவுடனை விளங்கீட்டுது. நான் இல்லை! என்ரை கையிலை பிழை இல்லை! சொல்லு, நீதானே? அந்த வெள்ளிக்கிழமை போட்ட உறை இதுதானே? சொல்லடி!

— ஓம் ஐயா.

— என்ன ஓம்?

— இதுதான் போட்டனான். நீங்கள் தோக்கவேணும் எண்டுதான் தைச்சனான். கண்ணுக்குத் தெரியாமல் வைச்சா வேலை செய்யும் எண்டு பேப்பரிலை வாசிச்சுத்தான் செய்தனான். உங்கடை கையிலை பிழை இல்லை. என்ரை ஊசிதான்.

— பாத்தியே! சொன்னனோ இல்லையோ! பாவி! பெத்த தேப்பனைக் கழுத்தறுத்த பாவி!

— ஓம்.

— போ! அந்தக் குடை வீட்டுக்கே போ! வைகாசியிலை சொன்ன நாளிலை கலியாணம் நடக்கட்டும். ஆனால் நான் மணவறைக்கு வரமாட்டன். கொஞ்ச நேரத்துக்கு முதல் அது பகிடி, சூட்சுமம் ஒண்டுமில்லை எண்டு எவ்வளவு நேர்மையாய்ச் சொன்னனீ! உன்ரை வாயிலை இனி ஒரு சொல்லும் நான் நம்பமாட்டன். என்னோடை நீ கதைக்கவும் தேவையில்லை.

— சரி, ஐயா.

— ஆர் அது? வேலிக்கு அங்காலை ஆர் இருமினது?

— நானில்லை அண்ணை. கிளி.

*

— உன்ரை கொப்பர், அம்பலவாணரண்ணை, செத்து நாளையோடை முப்பத்தொரு நாள், அந்தியேட்டி எண்டதும் நம்ப ஏலாமல் கிடக்கு, சறோ. உன்ரை கலியாணம் முடிஞ்சு எட்டு வருசம் போனதே தெரியேல்லை. என்ரை கிளியும் செத்துப்போச்சு. கடைசி மட்டும் ஓட்டைக் குடைதான்.

— இருங்கோ மாமி. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்.

— இருக்கிறன், இருக்கிறன். எனக்கு எல்லாம் கண்ணுக்குள்ளை நிக்குது. உன்ரை சித்தப்பா தாரை வாத்தவர். அப்புத்துரையர் மாத்திரம் பல்லெல்லாம் தெரிய நிண்டவர். கொப்பர் அண்டைக்கு முழுக்கத் தோட்டத்திலை நிண்டு வெங்காயத்துக்குத் தண்ணி கட்டினவர். அடுத்த மாதம் நீ வாமதேவனோடை வவுனியாவுக்குப் போனனீ. மூண்டு பிள்ளையும் பிறந்தாச்சு. ஒண்டையும் அவர் தூக்கேல்லை.

— தூக்கேல்லை.

— உனக்குக் கோவம் வரேல்லையோ பிள்ளை?

— வராமல்? பெரியவனுக்கு முதல் சோறு தீத்தக் கூட்டிக்கொண்டு வந்தன். படலையைத் திறக்கேல்லை. வெய்யிலிலை அரை மணித்தியாலம் நிண்டன். பஸ்ஸிலை திரும்பிப் போகேக்கை எனக்கு வந்த கோவம், மாமி, இறங்கி ஓடிவந்து இந்தப் படலையை உடைச்சுப்போட்டு ஒரு வசனம் கத்தியிருப்பன்.

— என்ன வசனம்?

— கத்தேல்லைத்தானே. விடுங்கோ.

— ஊரும் உன்னைச் சும்மா விடேல்லை. தேப்பனை ஊசியாலை குத்தினவள் எண்டது. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. எப்பிடியோ பரவீட்டுது.

— எப்பிடியோ.

— எண்டாலும் பிள்ளை, உண்மையைச் சொல்லு. அந்த அமெரிக்க வித்தை அப்பிடி வேலை செய்யுமோ? வெள்ளை நூல் ஒரு மனிசன்ரை கையைப் பிடிச்சு இழுக்குமோ?

— அந்த அமெரிக்கக்காரனே பிறகு கையை விரிச்சிட்டானாம், மாமி. சோடாக் கதை தான் கட்டிவிட்ட கதையெண்டு. பேப்பரிலை வந்தது.

— இதென்ன புதினம்! அப்ப கொப்பற்றை கை ஏன் குடைக்குப் போனது? இஞ்சை பார், உன்னட்டை மட்டும் சொல்லுறன். அவர் செத்துப்போனார், இனிச் சொன்னால் பாவமில்லை. நானும் குடைக்குத்தான் போட்டனான்.

— நீங்களுமோ!

— கதிரைக்குப் போடத்தான் போனனான், சத்தியமாய். அதுக்குள்ளை போய் நிண்டவுடனை கதிரை எண்டு ஒண்டு இருந்ததே ஞாபகத்துக்கு வரேல்லை. நாப்பது நாளும் கொப்பற்றை வாயிலை குடை, குடை, குடை. கதிரை எண்டு எப்ப சொன்னவர்? பென்சில் தானாய்ப் போயிட்டுது. உன்ரை தலகணியிலை நான் படுக்கேல்லை பார்.

— ஐயாவும் படுக்கேல்லை, மாமி.

— என்ன விசர்க்கதை? நீதானே அவரிட்டை ஓம் எண்டனீ? நான் என்ரை காதாலை கேட்டனான்.

— கிணத்தடிக்கு ரெண்டு தரம் போனவர் எண்டதையும் அந்தக் காதாலை கேட்டிருப்பியள். அவருக்கு வெள்ளிக்கிழமை போட்டது வெறும் உறை. குடை தைச்ச துணி, எலெக்சன் முடிஞ்ச ஒம்பதாம் நாள் ஊர்காவற்துறையிலை வாங்கினது. யோசிச்சுப் பாருங்கோ மாமி, அந்தத் துணியோடை வந்த அண்டைக்கு பஸ்ஸிலை எனக்குப் பக்கத்திலை இருந்து வந்தது நீங்கள்தான்.